பாதிச் சேவல் கேட்டேன், சீஸ் வந்தது

காலை நிகழ்ச்சியில் ஒரு வாரமாக என் குரல் கேட்கவில்லையே, என்ன ஆயிற்று என்று விசாரித்த நேயர்களுக்கு முதலில் நன்றி. காய்ச்சலும் இல்லை, கல்யாணமும் இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போயிருந்தேன். அதுவும் பெர்லின், மூனிக் என்று எல்லாரும் போகிற ஊருக்கு அல்ல. கொலோனுக்கு.

"கொலோன்ல என்ன இருக்கு? பெரிய சர்ச் ஒண்ணு. அவ்வளவுதானே?" என்று நிலையத்தில் உடன் வேலை செய்பவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'பத்து நாளில் ஏழு நாடு' வகைச் சுற்றுலாவில் போனவர் அவர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து தெற்கே போகிற வழியில் பேருந்து அங்கே நிற்கும். தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், கழிவறை, ஒரு சாக்லேட் பொட்டலம், மறுபடியும் பேருந்து. 2016ல் நானும் அப்படித்தான் கொலோன் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம். கோபுரத்தின் உச்சி படத்தில் விழவேண்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்தே அதில் பாதி போய்விட்டது.

இந்த முறை நான்கு இரவு தங்கினோம். காரணம் ஒரு பாட்டில்.

அப்பா தவறி இரண்டு ஆண்டாகிறது. அதன் பிறகு அம்மா கிள்ளான் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. எங்கே கூப்பிட்டாலும் "எனக்கு எதுக்கும்மா, நீ போயிட்டு வா" என்பதுதான் பதில். ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது அப்பாவின் யூடிகோலன் பாட்டில் கையில் வந்தது. நீலமும் தங்க நிறமுமாக லேபிள் ஒட்டிய 4711. வேலைக்குக் கிளம்பும்போது கைக்குட்டையில் இரண்டு சொட்டு விடுவார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அதே கைக்குட்டை நனைந்து நெற்றிக்கு வரும். "இதுல இருக்கிற கொலோன் ஒரு ஊரோட பேரும்மா. கொலோன் தண்ணீர்னு அர்த்தம்" என்று சொன்னேன். அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரா? நான் சென்ட்டு பேருன்னுல்ல நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப தூரமா?" என்றார். அன்றிரவே டிக்கெட் பார்த்தேன்.

தூரம்தான். ஆனால் வழி சிக்கலில்லை. பிராங்பர்ட்டில் இறங்கினால் விமான நிலையத்தை ஒட்டியே விரைவு ரயில் நிலையம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போல ஆகும். கொலோன் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் தேவாலயம் நம் மேல் சாய்வதுபோல நிற்கும். தேடிப் போகிற வேலையே கிடையாது. அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "கரியா இருக்கே, எரிஞ்சுபோச்சா?" என்றார். எரியவில்லை. பல்லாண்டுப் புகையும் மழையும் கல்லைக் கறுப்பாக்கியிருக்கின்றன.

இந்தத் தேவாலயத்தை 1248ல் கட்டத் தொடங்கி 1880ல் முடித்தார்கள். 632 ஆண்டு. நடுவில் பணமும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றுவிட்டது. பாதி எழுந்த தெற்குக் கோபுரத்தின் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி அப்படியே முந்நூறு ஆண்டுக்கும் மேல் நின்றதாம். அதுவே ஊரின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. நம் ஊரில் கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டம் பத்தாண்டு நின்றாலே பத்திரிகையில் படம் வந்துவிடும். முடித்தபோது 157 மீட்டர் உயரம். நான்கு ஆண்டு காலம் உலகத்திலேயே மிக உயரமான கட்டடமாக இருந்தது.

தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏறலாம். மின்தூக்கி இல்லை. அம்மாவின் முழங்கால் எங்கள் வீட்டு மாடிப்படிக்கே முனகும். "நீ ஏறிட்டு வா, நான் இங்கே உக்காந்திருக்கேன்" என்று வெளியே ஒரு கல் திண்டில் உட்கார்ந்தார். நானும் போனேன். அது என் தப்பு.

ஏறவும் இறங்கவும் ஒரே சுழல் படிக்கட்டு. ஒடுக்கமானது. எதிரே வருகிறவருக்கு வயிற்றை எக்கி வழி விடவேண்டும். நடுவழியில் 24 டன் எடையுள்ள பெரிய மணி தொங்குகிறது. 1923ல் வார்த்தது, ஊர்க்காரர்கள் 'தடியன் பீட்டர்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். மேலே போனதும் ரைன் நதி, கூரைகள், ரயில் தண்டவாளங்கள் எல்லாம் கம்பி வலைக்குப் பின்னால் தெரிந்தன. நல்ல காட்சிதான். ஆனால் கொலோனிலேயே பார்க்கவேண்டிய பொருள், அதாவது அந்தத் தேவாலயம், அங்கிருந்து மட்டும் தெரியாது. மூச்சு வாங்கி, படம் எடுத்து, இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. திண்டில் அம்மா இல்லை.

இணையத் தொடர்பு என் கைப்பேசியில் மட்டும்தான் இருந்தது. காசு மிச்சம் பிடித்திருந்தேன். அம்மாவிடம் தங்குமிடத்தின் முகவரி எழுதிய காகிதம்கூட இல்லை. சதுக்கத்தை இரண்டு முறை சுற்றினேன். நிலையத்துக்குள் ஓடினேன். வானொலியில் தினமும் மூன்று மணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு, அங்கே நின்ற காவலரிடம் "எங்கள் அம்மா, சேலை கட்டியிருப்பார்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவரே தேவாலயத்தின் கதவைக் காட்டினார்.

உள்ளே, வலப்புறக் கிளையில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வெளிர் நிறச் சேலை முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாக வெளிச்சம். அவருக்கு மேலே இருந்தது ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த சன்னல். போரில் அழிந்த பழைய கண்ணாடியின் இடத்தில் 2007ல் வைத்தது. 72 நிறங்களில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சதுரங்கள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கே விட்டிருக்கிறார். புனிதர் உருவம் எதுவும் கிடையாது. "வெளியே குளிருதுடி. கதவு தொறந்திருந்துச்சு, வந்தேன்" என்றார் அம்மா. நான் அழுததைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா? நான் எங்க போயிடப் போறேன்" என்று முந்தானையை நீட்டினார்.

அந்தச் சன்னலை நண்பகல் வெயிலில் பாருங்கள். 2016ல் அதன் பக்கத்திலேயே நடந்து போயும் நான் கவனிக்கவில்லை. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகவரியை எழுதி அவர்கள் பையில் வையுங்கள், அவர்கள் கைப்பேசிக்கும் இணையம் வாங்கிக் கொடுங்கள். மிச்சமாகிற நாற்பது ரிங்கிட்டுக்கு அந்தப் பத்து நிமிடம் ஈடாகாது.

உயரத்திலிருந்து பார்க்க ஆசையா? ஆற்றைக் கடந்து டாய்ட்ஸ் பக்கம் போங்கள். அங்கே கொலோன் டிரையாங்கிள் என்ற 103 மீட்டர்க் கட்டடம். மின்தூக்கியில் போய்விடலாம். தேவாலயம், நதி, பாலம் மூன்றும் ஒரே பார்வையில் விழும். முதல் நாளே இதைச் செய்திருந்தால் என் முழங்காலும் பிழைத்திருக்கும்.

ஆற்றைக் கடக்க ஹோஹென்சோலர்ன் பாலத்தில் நடந்தே போனோம். ஒருபுறம் ரயில்கள் தடதடக்க, நடுவேலி நெடுகப் பூட்டுகள். காதலர்கள் பெயர் பொறித்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிகிறார்கள். "கோவில் மரத்துல தொட்டில் கட்டுற மாதிரி" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்தப் பாலத்தை 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே வெடி வைத்துத் தகர்த்தது. நகரமும் அப்போது இடிபாடாகத்தான் கிடந்தது. பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு குண்டுவீச்சில் போய்விட்டது. ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் கலர் கலரான குறுகிய வீடுகளைப் பார்த்துப் பழமை என்று மயங்குகிறோம். பெரும்பாலும் போருக்குப் பின் திரும்பக் கட்டியவை. தெரிந்துகொண்டு பார்த்தால் அழகு குறையவில்லை.

இனி சாப்பாடு. கொலோனில் சாப்பாடு என்றால் பிராவ்ஹவுஸ் என்கிற பீர்க்கூடம். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். குழந்தைகள், பாட்டிகள் என்று குடும்பமே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். நீள மேசை, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் வந்து உட்காருவார், வணக்கம் சொல்வார், பேச ஆரம்பித்துவிடுவார். நீலச் சட்டை போட்ட பரிமாறுபவருக்குக் 'கேபெஸ்' என்று பெயர். பணிவு அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் "சோப்பும் துண்டும் வேண்டுமா?" என்று கேட்பார் என்பது ஊரறிந்த நக்கல். அவர் கொண்டுவருவது கேல்ஷ் என்ற உள்ளூர் பீர், 200 மில்லி மட்டுமே பிடிக்கும் ஒல்லிக் கண்ணாடிக் குவளையில். காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து, அடியில் வைத்த அட்டையில் ஒரு கோடு விழும். போதும் என்றால் அட்டையைத் தூக்கிக் குவளையின் மேல் மூடிவிடுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. குடிக்காதவர்கள் அப்பல்ஷோர்ல என்று கேளுங்கள், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. தண்ணீருக்கும் காசு உண்டு.

உணவுப் பட்டியலில்தான் வேடிக்கை. 'ஹால்வ ஹான்' என்றால் பாதிச் சேவல். வியாழக்கிழமை, அம்மா கோழி சாப்பிடுகிற நாள். உற்சாகமாகச் சொன்னேன். வந்தது ஒரு ரை ரொட்டி, அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்குக் கவுடா சீஸ், வெண்ணெய், கடுகு விழுது, பச்சை வெங்காயம். சேவலின் ஓர் இறகுகூட இல்லை. பெயர் வந்த கதை நாலைந்து சொல்கிறார்கள், எதிரில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒன்று சொல்ல, அவர் மனைவி இல்லை என்று வேறொன்று சொன்னார். சைவக்காரர்களுக்கு அது வரம். ஆனால் 'கொலோன் கேவியார்' என்பதை மீன் முட்டை என்று நம்பிச் சொல்லிவிடாதீர்கள். அது பன்றி இரத்தத்தில் செய்த சாசேஜ். 'வானமும் பூமியும்' என்று கவித்துவமாக ஒன்று இருக்கும். மரத்தில் காய்க்கும் ஆப்பிள் வானம், மண்ணில் விளையும் உருளைக்கிழங்கு பூமி. இரண்டையும் மசித்து, மேலே அதே இரத்த சாசேஜை வறுத்து வைப்பார்கள். சாசேஜ் வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம். சவர்பிராட்டன் என்பது புளிக்காடியில் நாட்கணக்கில் ஊறவைத்த இறைச்சி, திராட்சை போட்ட குழம்போடு வரும். முன்பு குதிரை, இப்போது பெரும்பாலும் மாடு. நம் வீடுகளில் மாடு தொடாதவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பிடித்துப்போனது ரைபகூகன். உருளைக்கிழங்கைத் துருவி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, ஆப்பிள் கூழோடு தருவார்கள். முட்டை சேரும், அது மட்டும் கவனம். அம்மா ஆப்பிள் கூழை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தார். நீலச் சட்டைக்காரர் நின்று பார்த்தார். நக்கல் வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ ஒரு துண்டைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீரோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் போனது மே மாதம், வெள்ளை அஸ்பாரகஸ் காலம். ஜூன் 24 வரை ஊரே அதைத்தான் பேசும், அதைத்தான் தின்னும். வேகவைத்த தண்டு, உருகிய வெண்ணெய், உருளைக்கிழங்கு. முருங்கைக்காய் தின்று வளர்ந்த நமக்குச் சப்பென்றிருக்கும் என்பது என் கருத்து. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் வைடன்காஸ என்ற தெரு இருக்கிறது. துருக்கியர் கடைகள் நிறைந்தது. ஹலால் பார்ப்பவர்களும் அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம். மசூர் பருப்பு சூப், எலுமிச்சை பிழிந்து, சூடான ரொட்டியோடு. மூன்று இரவு அங்கேதான் போனோம். சாதத்துக்கு அம்மா கொண்டுவந்த குட்டி ரைஸ் குக்கர் இருந்தது. ஜெர்மனியிலும் நம் ஊர் மின்னழுத்தம்தான், ஆனால் பிளக்குக்கு இரட்டை உருளை முனை மாற்றி வேண்டும். சமையலறை உள்ள வாடகை அறை எடுத்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை கொலோனில் இல்லை. ஹம் என்ற ஊருக்கு ரயிலேறினோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஊருக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. 2002ல் கும்பாபிஷேகம். 17 மீட்டர் ராஜகோபுரம். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. தேர்த் திருவிழா மே, ஜூன் வாக்கில் வரும், ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வருமாம். நாங்கள் போன அன்று இருபது பேர் இருந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "எவடம் பிள்ளை?" என்று கேட்டு, மலேசியா என்றதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பூசை நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், இரண்டு வேளைக்கும் நடுவில் நடை சாத்தியிருக்கும்.

சனிக்கிழமை எல்-டே இல்லம் போனோம். நாஜி ரகசியக் காவல் படையின் கொலோன் தலைமையகமாக இருந்த கட்டடம். நிலவறைச் சிறைகளின் சுவரில் கைதிகள் கீறிய, எழுதிய வாசகங்கள் ஏறத்தாழ 1,800 அப்படியே இருக்கின்றன. சிறு பிள்ளைகளை அழைத்துப் போகவேண்டாம். அம்மா இரண்டு அறை பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். அந்த ஊர் நடைபாதையில் அங்கங்கே கையகலப் பித்தளைத் தகடு பதித்திருக்கும். இங்கே இன்னார் வாழ்ந்தார், இந்த ஆண்டு கொண்டுபோகப்பட்டார் என்று எழுதியிருக்கும். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992ல் கொலோனில் தொடங்கியது. இன்று ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறது. அது என்ன என்று சொன்னதிலிருந்து அம்மா தரையைப் பார்த்தே நடந்தார். சின்ன வயதில் செய்தித்தாள் காலில் பட்டாலே தொட்டுக் கும்பிடச் சொன்னவர்.

சாக்லேட் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாது. மூன்று மீட்டர் உயரச் சாக்லேட் ஊற்று, அதில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தருவார்கள். ஒரு கண்ணாடிக் கூடத்தில் நம் ஊர் வெக்கையை உண்டாக்கி, கொக்கோ மரம் வளர்த்திருக்கிறார்கள். அம்மா பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டத்தில் தென்னைக்கு நடுவே கொக்கோ பறித்து வளர்ந்தவர். "இதைப் பார்க்கவா டிக்கெட்டு? எறும்புக் கடியில எத்தனை கூடை உடைச்சிருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழத்தை எப்படி உடைத்து, உள்ளே வெள்ளைச் சதையை எப்படிச் சப்பவேண்டும் என்று கையாலேயே நடித்துக் காட்டினார். அருங்காட்சியகப் பணியாளரும் நின்று கேட்டார்.

இப்போது அந்தப் பாட்டில். கொலோன் தண்ணீரின் மூத்த வீடு 4711 இல்லை, ஃபரீனா. இத்தாலியிலிருந்து வந்த ஃபரீனா குடும்பத்தார் 1709லேயே தொடங்கிய கடை, நகர மண்டபத்துக்கு அருகில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை அங்கே வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்தோம். காகிதப் பட்டையை முகர்ந்த அம்மா, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பா வாசம் இல்லை" என்றார். பரவாயில்லை, நாளைக்கு 4711 கடை, கடைசி நாளுக்கென்றே வைத்திருக்கிறேன் என்றேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடவேண்டும் என்பது சட்டம். ரயில் நிலையக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் தவிர ஊரே அடைத்துக் கிடக்கும். பேரங்காடியே கதி என்று வாழ்கிற ஊர்க்காரிக்கு அது தோன்றவே இல்லை. குளோக்கன்காஸ தெருவில், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் நீலமும் தங்கமுமாகப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. "பார்த்தாச்சுல்ல, போதும் வா" என்றார் அம்மா. போதவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. திங்கள் காலை ரயிலை மாற்றினேன். கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை, இதைப் படித்தால்தான் தெரியும்.

திங்கள் காலை கடை திறந்தபோது நாங்கள்தான் முதல் ஆள். பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த 1790களில் வீடுகளுக்கு எண் போட்டார்கள், இந்த வீட்டுக்கு விழுந்த எண் 4711, அதுவே பெயராகிவிட்டது. கடைக்குள் ஒரு சின்ன ஊற்று இருக்கிறது. அதில் ஓடுவது தண்ணீர் இல்லை, அதே யூடிகோலன். யார் வேண்டுமானாலும் கை நனைக்கலாம். அம்மா பையைத் திறந்தார். நான்காக மடித்த ஆண்கள் கைக்குட்டை ஒன்று வெளியே வந்தது. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. ஊற்றில் ஒரு முனையை நனைத்து, முகர்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை.

வாங்குகிறவர்கள் கவனிக்க: கையில் கொண்டுபோகும் பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டிலுக்குப் பல விமான நிலையங்களில் அனுமதி இல்லை. எங்கள் பெரிய பாட்டில், காலுறைக்குள் சுருட்டி, ரைஸ் குக்கருக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது. முதல் இரண்டு நாள் சோற்றில் லேசாக வாசம் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.